ஓய்வின்றி உழைத்தவர் கண்ட இளைப்பாறுதல்: புனித அகுஸ்தீனாரின் வாழ்வும் சிந்தனையும்

மனிதரை வாட்டும் சோர்வு இரு வகைப்படும். உடல் தாங்கும் அளவுக்கு மேல் உழைப்பதால் வருவது ஒரு வகை. அது உறக்கத்தாலும் உணவாலும் சில நாள் விடுமுறையாலும் பெரும்பாலும் தீர்ந்துவிடுகிறது. விரும்பியது கைக்கு வந்த பின்னும் மனம் அடங்காமல் அடுத்ததைத் தேடி ஓடுவதால் வருவது மற்றொரு வகை. அதன் வேர், வேலையைக் கொண்டு மனம் பெற முயலும் நிறைவில் இருப்பதால், வேலை நின்ற நாள்களிலும் அது ஆளை விடுவதில்லை. கிறித்தவ மரபு இந்த இரண்டாம் வகைச் சோர்வைப் பற்றி நெடுங்காலமாகச் சிந்தித்து வந்திருக்கிறது. அந்தச் சிந்தனையில், வட ஆப்பிரிக்காவின் ஹிப்போ நகர ஆயராக விளங்கிய புனித அகுஸ்தீனார் (354–430) சென்ற ஆழத்துக்குச் சென்றவர்கள் மிகச் சிலரே.

ஏறத்தாழ 397ஆம் ஆண்டில் தொடங்கி அடுத்த சில ஆண்டுகளில் அவர் இலத்தீனில் எழுதி முடித்த ‘அறிக்கைகள்’ என்னும் நூல் 13 பகுதிகளைக் கொண்டது. கடவுளை நோக்கிப் பேசும் மன்றாட்டாக அமைந்த அந்நூலின் தொடக்கப் பத்தியிலேயே மனித இதயத்தின் அமைதியின்மையும், அது கடவுளில் மட்டுமே தீரும் என்ற உறுதியும் இடம்பெற்றுவிடுகின்றன. அந்தப் பகுதி பதினாறு நூற்றாண்டுகளாக மறையுரைகளிலும் பக்தி நூல்களிலும் திரும்பத் திரும்ப எடுத்தாளப்பட்டு வருகிறது. ஆயினும் அதை எழுதியபோது அவர் எந்த நிலையில் இருந்தார் என்பது பலராலும் எண்ணிப் பார்க்கப்படுவதில்லை. உலகைத் துறந்து ஒதுங்கிய தனிமையில் அவர் அதை எழுதவில்லை. வழக்குகளும் சச்சரவுகளும் கடிதங்களும் மறையுரைகளும் நாள் முழுவதையும் விழுங்கிக்கொண்டிருந்த ஆயர் பணியின் நடுவே எழுதினார். கடவுளில் இளைப்பாறுதல் கிடைக்கும் என்று சொன்னவருக்கு ஓய்வு நேரம் கிடைக்கவே இல்லை என்றால், அவர் சொன்ன இளைப்பாறுதல் எத்தகையது என்ற கேள்வி எழுகிறது. வேலையை விட்டு விலக முடியாத பெரும்பான்மை மக்களுக்கு இந்தக் கேள்வியின் விடை மிகவும் வேண்டியதாகும்.

உயர்ந்துகொண்டே போன பதவி

இன்றைய அல்ஜீரியாவில் சூக் அஹ்ராஸ் என வழங்கும் தாகாஸ்தே என்ற சிற்றூரில் 354 நவம்பர் 13 அன்று அகுஸ்தீனார் பிறந்தார். தந்தை பத்ரீசியுஸ் சிறு நிலவுடைமையாளர். நகர மன்றத்தில் உறுப்பினராக இருந்தவர் என்றாலும் செல்வந்தர் அல்லர். தாய் மோனிக்கா உறுதியான கிறித்தவர். அக்காலத்து உரோமைப் பேரரசில், வசதி குறைந்த குடும்பத்துப் பிள்ளை மேலே வருவதற்கு இருந்த சில வழிகளில் பேச்சுக்கலைக் கல்வி முதன்மையானது. நீதிமன்றத்தில் வாதிடவும், ஆட்சியாளர்முன் உரையாற்றவும், அரசுப் பதவி பெறவும் அது வாயிலாக இருந்தது. மதவ்ரா என்ற அண்டை நகரில் படித்துக்கொண்டிருந்த மகனை மேற்படிப்புக்கு அனுப்பப் பணம் போதாமல், 16ஆம் வயதில் ஓராண்டு வீட்டிலேயே வைத்திருக்க நேர்ந்தது. பின்னர் ரொமானியானுஸ் என்ற உள்ளூர்ச் செல்வந்தரின் உதவியும் சேர, அவர் கார்த்தேஜ் நகருக்குப் படிக்கச் சென்றார்.

19ஆம் வயதில், பாடத்திட்டத்தின் ஒரு பகுதியாகச் சிசெரோவின் ‘ஹொர்த்தென்சியுஸ்’ என்ற நூலைப் படித்தபோது, பேச்சுத்திறனைவிட மெய்யறிவே தேடத்தக்கது என்ற ஆவல் அவருக்குள் எழுந்தது. அந்த ஆவல் அவரை மூன்றாம் நூற்றாண்டில் மணி என்ற பாரசீகப் போதகர் தோற்றுவித்த சமயமான மானிக்கேயத்திடம் இட்டுச் சென்றது. ஒளியும் இருளும் என்றென்றும் போரிடும் இரு ஆற்றல்கள் என்று கற்பித்த அச்சமயத்தில் அவர் ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் இருந்தார். ஆனால் மெய்யறிவைத் தேடும் ஆவல் பிறந்ததால் பதவியைத் தேடும் ஓட்டம் நின்றுவிடவில்லை. இரண்டும் ஒரே மனத்தில் அருகருகே வளர்ந்தன. தாகாஸ்தேயிலும் கார்த்தேஜிலும் ஆசிரியராக இருந்தவர் 383இல் உரோமைக்குச் சென்றார். மறு ஆண்டே, உரோமை நகரத்தின் தலைமை ஆட்சியாளராக இருந்த சிம்மாக்குஸ், மிலான் நகரின் பேச்சுக்கலை ஆசிரியர் பதவிக்கு அவரைத் தேர்ந்தெடுத்து அனுப்பினார்.

அப்போது மிலான் பேரரசரின் இருப்பிடம். ஆட்சிக்கட்டிலில் இருந்தவர் சிறுவனான இரண்டாம் வாலெந்தினியன். நகரத்தின் பேச்சுக்கலை ஆசிரியராக இருப்பவர் விழாக்களில் பேரரசரைப் புகழ்ந்து உரையாற்ற வேண்டும். அத்தகைய உரைகளில் பொய் மிகுந்திருக்கும் என்பதையும், அது பொய்யெனத் தெரிந்தவர்களே கைதட்டுவார்கள் என்பதையும் அகுஸ்தீனார் பின்னாளில் ஒளிவுமறைவின்றி எழுதினார். ஆப்பிரிக்கச் சிற்றூர் ஒன்றிலிருந்து புறப்பட்டு 30 வயதுக்குள் அரசவை வரை வந்து சேர்ந்தது அன்றைய அளவுகோலின்படி பெருவெற்றி. ஆனால் அந்த வெற்றியின் உச்சியில்தான் அவருடைய களைப்பும் உச்சத்தைத் தொட்டது.

அத்தகைய புகழுரை ஒன்றுக்கான கவலையோடு நண்பர்களுடன் மிலான் தெரு ஒன்றில் நடந்துகொண்டிருந்தபோது, குடித்துவிட்டுச் சிரித்து விளையாடிக்கொண்டிருந்த ஏழைப் பிச்சைக்காரர் ஒருவரைக் கண்டதாக ‘அறிக்கைகள்’ நூலின் ஆறாம் பகுதி கூறுகிறது. பிச்சையெடுத்த சில காசுகளைக் கொண்டு அந்த மனிதர் அடைந்துவிட்ட மகிழ்ச்சியை, தாமும் நண்பர்களும் எத்தனையோ சுற்றுவழிகளில், எத்தனையோ துன்பங்களைச் சுமந்து தேடிக்கொண்டிருக்கிறார்கள் என்பது அவருக்கு உறைத்தது. பிச்சைக்காரரின் மகிழ்ச்சி உண்மையான மகிழ்ச்சி என்று அவர் வாதிடவில்லை. தாம் புகழில் தேடியதும் உண்மையான மகிழ்ச்சி இல்லை என்பதும், குடிமயக்கம் ஓரிரவில் தெளிந்துவிடும் என்றாலும் புகழ் மயக்கத்தோடு தாம் நாள்தோறும் உறங்கி எழுவதும்தான் அவரை வருத்தின.

அந்நாள்களின் நேரக் கணக்கையும் அவர் எழுதிவைத்திருக்கிறார். காலைப்பொழுது மாணவர்களுக்குப் போய்விடுகிறது. எஞ்சிய நேரத்தில் ஆதரவு தரும் பெரியவர்களைச் சென்று காணவேண்டும், மாணவர்கள் காசு கொடுத்துக் கேட்கும் பாடங்களை ஆயத்தம் செய்யவேண்டும். இவற்றுக்கிடையே படிப்பதற்கோ, உயிருக்கு நன்மையானதைச் சிந்திப்பதற்கோ நேரம் எங்கே என்று அவர் தம்மைத் தாமே கேட்டுக்கொள்கிறார். அடுத்த பதவியின் கனவும் அதே பக்கங்களில் தெரிகிறது: செல்வாக்குள்ள நண்பர்கள் இருப்பதால் ஒரு மாநிலத்தின் ஆளுநர் பதவியாவது கிடைக்கலாம், செலவைத் தாங்கும் அளவுக்குச் செல்வமுள்ள பெண்ணை மணந்துகொள்ளலாம். அந்த ஏற்பாட்டுக்காக, நெடுங்காலம் அவருடன் வாழ்ந்து, அதேயோதாத்துஸ் என்ற மகனைப் பெற்றெடுத்த பெண், மகனை விட்டுவிட்டு ஆப்பிரிக்காவுக்குத் திரும்ப நேர்ந்தது. தம் இதயம் கிழிந்து குருதி வடித்தது என்று அகுஸ்தீனார் எழுதினாலும், அந்தப் பெண்ணின் பெயரை அவர் எங்கும் குறிப்பிடவில்லை. மண உறுதி செய்யப்பட்ட சிறுமி சட்டப்படியான மணவயதை எட்ட இன்னும் இரண்டு ஆண்டுகள் இருந்தன. அதுவரை பொறுக்க முடியாமல் அவர் வேறொரு பெண்ணைச் சேர்த்துக்கொண்டார். உலகப் பதவியை நோக்கிய ஓட்டம் ஓடுகிறவரை மட்டும் களைப்படையச் செய்வதில்லை, அருகில் இருப்பவர்களையும் காயப்படுத்துகிறது என்பதற்கு இந்த நிகழ்வைவிட வேதனையான சான்று அந்நூலில் இல்லை.

தப்பிக்கும் திட்டங்கள்

இந்தக் களைப்பிலிருந்து விடுபட அவரும் நண்பர்களும் தீட்டிய திட்டம் ஒன்று, இன்றும் பலர் காணும் கனவை ஒத்திருக்கிறது. ஏறத்தாழ பத்துப் பேர் தங்கள் உடைமைகளை ஒன்றாகச் சேர்த்து, அனைத்தும் அனைவருக்கும் பொது என்று வைத்து, நகர இரைச்சலுக்கு அப்பால் அமைதியாக வாழ்வதென முடிவு செய்தார்கள். ஆண்டுதோறும் இருவர் நிர்வாகப் பொறுப்பை ஏற்றால் மற்றவர்கள் கவலையின்றி இருக்கலாம் என்பது வரை ஒழுங்குகள் பேசப்பட்டன. அலுவல் காரணமாக மிலானில் இருந்த ரொமானியானுஸ் தம் பெருஞ்செல்வத்தோடு இதில் சேர மிகுந்த ஆர்வம் காட்டினார். ஆனால் திருமணமானவர்களின் மனைவியரும், மணம் செய்யவிருப்போரின் வருங்கால மனைவியரும் இதற்கு இசைவார்களா என்ற கேள்வி எழுந்தவுடன் திட்டம் கைநழுவி உடைந்தது. வாழும் இடத்தையும் சூழலையும் மாற்றினால் மனம் அமைதி பெறும் என்ற எண்ணத்தில் ஓரளவு உண்மை உண்டு. ஆயினும் எந்த ஆசைகள் மனிதரைக் களைப்படையச் செய்தனவோ அதே ஆசைகள் புதிய இடத்துக்கும் அவர்களோடு பயணம் செய்யும் என்பதை அந்த நண்பர்களின் தோல்வி உணர்த்துகிறது.

அடுத்த வழி அறிவின் வழி. பிளேட்டோவின் மெய்யியலை மூன்றாம் நூற்றாண்டில் புதிய முறையில் விரித்துரைத்த பிளோட்டினஸ் முதலியோரின் நூல்கள், இலத்தீன் மொழிபெயர்ப்பில் அவருக்குக் கிடைத்தன. மனம் புலன்களை விட்டு உள்ளே திரும்பி, படிப்படியாக மேலேறி, மாறாத பேரொளியைக் காணலாம் என்று கற்பித்த அந்நூல்கள், கடவுள் பருப்பொருள் அல்லர் என்ற தெளிவை அவருக்கு அளித்தன. அவர் அவ்வாறு ஏறவும் முயன்றார். ஒரு கணம் கண்டதாகவும், அடுத்த கணமே பழைய பழக்கங்களின் பாரம் தம்மைக் கீழே இழுத்துவிட்டதாகவும் எழுதுகிறார். உழைத்துக் களைத்தவர்களைத் தம்மிடம் வருமாறு அழைக்கும் இயேசுவின் குரல் அந்த நூல்களில் கேட்கவில்லை என்பதே அவற்றைப் பற்றி அவர் கூறும் குறை. தாய்நாட்டைத் தொலைவிலிருந்து காண்பது ஒன்று, அங்கே இட்டுச்செல்லும் பாதையில் நடப்பது வேறொன்று என்று அவர் இதை விளக்குகிறார். இந்தக் குறையில் ஆழ்ந்த கருத்து அடங்கியிருக்கிறது. களைத்த மனிதரிடம், இளைப்பாறுதல் உயரமான இடத்தில் இருக்கிறது, ஏறிச் சென்று பெற்றுக்கொள் என்று சொன்னால், அது அவர் தோளில் இன்னொரு வேலையை ஏற்றுவதாகவே முடியும். ஏற முடியாதவரைத் தேடிக் கடவுளே இறங்கி வருகிறார் என்னும் நம்பிக்கைதான் அகுஸ்தீனார் கண்ட கிறித்தவத்தின் மையம்.

386 ஆகஸ்டில், அரசவைப் பணியில் இருந்த பொந்தீசியானுஸ் என்ற ஆப்பிரிக்கர் அவரைக் காண வந்தார். விளையாட்டு மேசை மேல் கிடந்த நூல் புனித பவுலின் திருமுகங்கள் எனக் கண்டு வியந்த அவர், எகிப்தியத் துறவி அந்தோனியாரைப் பற்றியும், டிரியர் நகரில் தமக்குத் தெரிந்த அரசு அலுவலர் இருவர் அந்தோனியாரின் வரலாற்றைப் படித்த அன்றே பதவியைத் துறந்ததையும் எடுத்துரைத்தார். அந்த அலுவலர்களில் ஒருவர் மற்றவரிடம் கேட்ட கேள்வி எளிமையானது: இத்தனை பாடுபட்டு அடைய விரும்புவது எதை? பேரரசரின் நண்பர் என்ற நிலைக்கு மேல் அரண்மனையில் எதை எதிர்பார்க்க முடியும்? அந்த நிலையும் ஆபத்துகள் நிறைந்தது, அதை எட்டவே பல ஆண்டுகள் ஆகும்; கடவுளின் நண்பராக வேண்டுமென்றாலோ இந்த நொடியே ஆகிவிடலாம். இதைக் கேட்ட அகுஸ்தீனாரின் உள்ளம் கொந்தளித்தது. கையை அசைக்கச் சொன்னால் உடனே கீழ்ப்படியச் செய்யும் மனம், தன்னைத் தானே மாற்றிக்கொள் என்றால் கேட்க மறுப்பது ஏன் என்ற வினாவோடு, அவர் தங்கியிருந்த வீட்டுத் தோட்டத்தில் நண்பர் அலீப்பியுஸ் அருகிருக்கப் போராடினார். தன்மேல் ஊன்றி நிற்க முயலும்வரை நிலையாக நிற்க முடியாது, கடவுள்மேல் தன்னைச் சாய்த்துவிட வேண்டும் என்ற உணர்வு அப்போராட்டத்தின் திருப்பமாக அமைந்தது. அண்டை வீட்டிலிருந்து கேட்ட குழந்தையின் குரலைத் தமக்கான கட்டளையாகக் கொண்டு பவுலின் திருமுகத்தைத் திறந்த அவர், உரோமையருக்கு எழுதிய திருமுகத்தின் 13ஆம் அதிகாரத்தில் கண்ட சொற்களில் தம் போராட்டத்தின் முடிவைக் கண்டார்.

அன்பு என்னும் எடை

தம் களைப்பின் காரணத்தை அகுஸ்தீனார் பின்னாளில் ஆராய்ந்தபோது, உலகப் பொருள்கள் தீயவை என்ற முடிவுக்கு அவர் வரவில்லை. அது மானிக்கேயத்தின் முடிவு, அதை அவர் கைவிட்டுவிட்டார். கடவுள் படைத்தவை அனைத்தும் நல்லவை என்பதில் அவர் உறுதியாக நின்றார். இளமையில் தாகாஸ்தேயில் உயிர்த்தோழன் ஒருவர் காய்ச்சலில் இறந்தபோது தாம் பட்ட துயரத்தை நான்காம் பகுதியில் அவர் விரிவாக எழுதுகிறார்: வீடு வேதனையாயிற்று, ஊர் தாங்க முடியாததாயிற்று, கண் பட்ட இடமெல்லாம் சாவே தெரிந்தது, ஊரை விட்டே அவர் கார்த்தேஜுக்குப் போனார். நண்பனை நேசித்தது பிழை என்று அவர் கூறவில்லை. சாகக்கூடிய மனிதரைச் சாகாதவர் போல் பற்றிக்கொண்டதுதான் பிழை என்கிறார். கடவுளை நேசித்து, நண்பரைக் கடவுளில் நேசிப்பவர் அன்புக்குரிய எவரையும் இழப்பதில்லை, ஏனெனில் இழக்க முடியாத ஒருவரிடம் அனைவரும் இருக்கிறார்கள் என்பது அவர் கண்ட ஆறுதல்.

இக்கருத்தை ‘கிறித்தவப் போதனை’ என்ற நூலின் முதல் பகுதியில் அவர் கோட்பாடாக வகுத்தார். ஒன்றை அதற்காகவே நேசித்து அதிலேயே நிறைவு காண்பது ‘துய்த்தல்’. ஒன்றை அதற்கு அப்பாலுள்ள நிறைவை நோக்கிச் செல்லக் கையாளுவது ‘பயன்படுத்தல்’. இறுதி நிறைவாகத் துய்க்கத்தக்கவர் கடவுள் ஒருவரே; பதவி, பொருள், கல்வி, புகழ் ஆகியவை அவரை நோக்கிய வாழ்வில் பயன்படுத்தத்தக்கவை. பயன்படுத்த வேண்டியதைத் துய்க்கத் தொடங்கும்போது, அதாவது முடிவுடைய ஒன்றிடம் முடிவற்ற நிறைவைக் கேட்கும்போது, அது தர முடியாததைத் தரும்படி மனம் அதை ஓயாமல் நெருக்குகிறது. அந்த நெருக்குதலே சோர்வாகத் திரும்பி வருகிறது. பிறரை வெறும் கருவிகளாக நடத்தலாம் என்று இதற்குப் பொருள் கொள்ளக்கூடாது. அயலாரைக் கடவுளின் பொருட்டு நேசிப்பது என்பது, நம் வெறுமையை நிரப்பும் சுமையை அவர்கள்மேல் ஏற்றாமல், அவர்களும் கடவுளில் நிறைவு பெறவேண்டும் என்று விழைவதாகும்.

‘அறிக்கைகள்’ நூலின் கடைசிப் பகுதியில் இதே கருத்து அக்கால இயற்கையறிவின் வழியே வெளிப்படுகிறது. ஒவ்வொரு பொருளும் தன் எடைக்கேற்பத் தனக்குரிய இடத்தை நாடுகிறது; கல் கீழ்நோக்கியும் தீ மேல்நோக்கியும் செல்கின்றன; நீருக்கு அடியில் ஊற்றப்பட்ட எண்ணெய் மேலே வந்து மிதக்கிறது; உரிய இடத்தை அடையாதவரை அவை அலைகின்றன, அடைந்ததும் அமைகின்றன. மனிதருக்கு அந்த எடை அன்பு. எதை அவர்கள் நேசிக்கிறார்களோ அதை நோக்கியே அவர்கள் செல்கிறார்கள். இந்த விளக்கத்தின்படி, அமைதியின்மை முற்றிலும் கேடானது எனக் கொள்ள வேண்டியதில்லை. உரிய இடம் இன்னும் வரவில்லை என்பதை உயிர் உணர்ந்திருப்பதன் அடையாளம் அது; அதை மேலும் ஒரு பதவியாலோ பொழுதுபோக்காலோ அமுக்கிவிடாமல், அது எதைக் கேட்கிறது என்று கவனிப்பவருக்கு அதுவே வழிகாட்டியாகிறது.

கிடைத்த ஓய்வும் ஏற்ற பணியும்

386 கோடையில் அளவுக்கு மீறிய கற்பித்தலால் அகுஸ்தீனாரின் மார்பில் வலி கண்டு, குரலும் தளர்ந்திருந்தது. மனமாற்றத்துக்குப் பின் திராட்சை அறுவடை விடுமுறை வரை ஏறத்தாழ 20 நாள்கள் பொறுத்திருந்து, பின்னர் பதவியை விட்டார். வெரக்குந்துஸ் என்ற நண்பர் காசிசியாக்கும் என்ற இடத்திலிருந்த தம் நாட்டுப்புற வீட்டைக் கொடுத்துதவ, தாய், மகன், சகோதரர், அலீப்பியுஸ், மாணவர்கள் ஆகியோருடன் அங்கே சில மாதங்கள் தங்கினார். அந்த ஓய்வில் பிறந்த நூல்களில் ஒன்றான ‘பேரின்ப வாழ்வு’, அவர் பிறந்தநாளான நவம்பர் 13 அன்று தொடங்கிய மூன்று நாள் உரையாடல். 387 உயிர்ப்புப் பெருவிழாத் திருவிழிப்பில் மிலான் ஆயர் அம்புரோசியார் அவருக்குத் திருமுழுக்கு அளித்தார். அதே ஆண்டில் ஆப்பிரிக்காவுக்குத் திரும்பும் வழியில், ஓஸ்தியா துறைமுகத்தில் தாயும் மகனும் பேசிக்கொண்டிருந்தபோது இருவரும் ஒரு கணம் நிலைவாழ்வைத் தொட்டு உணர்ந்ததாக அவர் எழுதுகிறார். சில நாள்களில் மோனிக்கா 56ஆம் வயதில் இறந்தார்.

388இல் தாயகம் திரும்பி, தாகாஸ்தேயில் நண்பர்களோடு இறைவேண்டலும் படிப்புமாக வாழத் தொடங்கியவருக்கு அந்த ஓய்வு நீடிக்கவில்லை. 391இல் ஹிப்போவுக்குச் சென்றிருந்தபோது, கோவிலில் கூடியிருந்த மக்கள் அவரைப் பிடித்து, வயது முதிர்ந்த ஆயர் வலேரியுஸ் முன் நிறுத்தி, குருவாகத் திருநிலைப்படுத்தச் செய்தார்கள்; அவர் அழுதார். சில ஆண்டுகளில் ஆயரானார். பேரரசர் கொன்ஸ்தந்தீன் காலம் முதல் ஆயர்களுக்கு உரிமை வழக்குகளைக் கேட்டுத் தீர்ப்பளிக்கும் அதிகாரம் இருந்ததால், நிலத் தகராறு, கடன், வாரிசுரிமை என மக்கள் அவர் வாயிலில் குவிந்தார்கள். அவருடைய வரலாற்றை எழுதிய உடன்பணியாளர் பொசீதியுஸ், உணவு வேளை வரையிலும், சில நாள்களில் உண்ணாமல் நாள் முழுவதும் அவர் வழக்குக் கேட்டதைக் குறிப்பிடுகிறார். துறவியர் உழைப்பைப் பற்றி எழுதிய நூலில், குறித்த நேரம் கைவேலை செய்து எஞ்சிய நேரத்தைப் படிப்புக்கும் வேண்டலுக்கும் தரும் வாழ்வையே தாம் விரும்பியிருப்பார் என்று அகுஸ்தீனாரே மனம் திறக்கிறார்.

மிலானில் இருந்த நாள்களில் அம்புரோசியாரை அவர் இதே கோலத்தில் கண்டிருந்தார். துன்பங்களோடு வந்த மக்கள் கூட்டம் சூழ்ந்திருந்ததால், அந்த ஆயரை அணுகிப் பேசக்கூட அன்றைய பேச்சுக்கலை ஆசிரியருக்கு வாய்ப்புக் கிடைக்கவில்லை; எஞ்சிய சிறு பொழுதில் ஆயர் உணவால் உடலையோ படிப்பால் மனத்தையோ பேணிக்கொண்டார். இருவருக்குமே நேரம் இல்லை. ஆனால் அம்புரோசியாருக்குள் இருந்த நம்பிக்கையையும் அவர் துய்த்த மகிழ்ச்சியையும் ஊகிக்கவும் அப்போது தம்மால் முடியவில்லை என்று அகுஸ்தீனார் எழுதுகிறார். அந்த வரிகளை எழுதும்போது அவரே அத்தகைய கூட்டத்தால் சூழப்பட்ட ஆயராக இருந்தார். நேரப் பற்றாக்குறை மிலானிலும் ஹிப்போவிலும் ஒன்றே. மிலானில் தம்மை உயர்த்திக்கொள்ள ஓடினார், ஹிப்போவில் அன்பின் கடமைக்காக உழைத்தார். முன்னது அவரை வெறுமையாக்கியது, பின்னது களைப்படையச் செய்தும் வெறுமையாக்கவில்லை.

426 செப்டம்பர் 26 அன்று, 71 வயதில், எராக்கிலியுஸ் என்ற குருவைத் தம் வழித்தோன்றலாக மக்கள்முன் அறிவித்தபோது, விவிலிய ஆய்வுக்காக வாரத்தில் ஐந்து நாள்கள் தம்மைத் தொந்தரவு செய்வதில்லை என்று முன்னர் அவர்கள் ஒப்புக்கொண்டதையும், அந்த ஒப்பந்தம் சிறிது காலமே நிலைத்ததையும் அவர் நினைவூட்டினார். அந்த நெருக்கடிகளுக்கிடையேதான் 22 பகுதிகள் கொண்ட ‘கடவுளின் நகரம்’ என்னும் நூல் உருவாயிற்று. இன்று கிடைக்கும் அவருடைய மறையுரைகள் மட்டுமே 500க்கு மேல். போர்க்கைதிகளை மீட்கக் கோவிலின் பாத்திரங்களை உருக்கவும் அவர் தயங்கவில்லை. அவர் வாழ்வின் இறுதிப் பத்தாண்டில் அடிமை வணிகர்கள் ஆப்பிரிக்கக் கடற்கரை மக்களைப் பிடித்துக் கப்பலேற்றியபோது, ஹிப்போ திருச்சபையார் ஏறத்தாழ 120 பேரை விடுவித்ததை அவருடைய கடிதம் ஒன்று தெரிவிக்கிறது. கடவுளில் இளைப்பாறுதல் என்பது பிறர் துன்பத்தைக் காணாமல் கண்ணை மூடிக்கொள்ளும் வழி அன்று என்பதற்கு இவை சான்று.

நுகத்தோடு வரும் இளைப்பாறுதல்

மத்தேயு நற்செய்தியின் 11ஆம் அதிகாரத்தில், பெருஞ்சுமை சுமந்து சோர்ந்தவர்களை இயேசு அழைக்கும் இடத்தில், இளைப்பாறுதல் தருவதாகச் சொன்ன அதே மூச்சில் தம் நுகத்தை ஏற்றுக்கொள்ளவும் சொல்கிறார். நுகம் என்பது உழைப்பின் கருவி. ஆகவே அந்த வாக்குறுதி வேலையற்ற வாழ்வைக் குறிக்கவில்லை. யாருடைய நுகத்தின் கீழ், யாருடைய துணையோடு உழைப்பது என்ற மாற்றத்தைக் குறிக்கிறது. ‘கடவுளின் நகரம்’ நூலின் 19ஆம் பகுதியில் அகுஸ்தீனார் இதை வாழ்க்கை முறையாக்குகிறார். உண்மையின்மீதுள்ள அன்பு தூய ஓய்வைத் தேடுகிறது, அன்பின் கட்டாயம் நேர்மையான பணியை ஏற்கிறது. எவரும் சுமையை ஏற்றாதபோது உண்மையைச் சிந்திப்பதில் ஈடுபடலாம், ஏற்றினால் அன்பின் பொருட்டு ஏற்கவேண்டும். ஆனால் அப்போதும் உண்மையில் காணும் இன்பத்தை முற்றிலும் கைவிட்டுவிடக் கூடாது, கைவிட்டால் சுமையே மனிதரை நசுக்கிவிடும் என அவர் எச்சரிக்கிறார். இறைவேண்டலுக்கும் திருநூல் வாசிப்புக்கும் நாளில் சிறு இடமேனும் காத்துவைப்பது ஏன் இன்றியமையாதது என்பதை இந்த எச்சரிக்கை தெளிவாக்குகிறது.

இந்தப் போதனையைத் தவறாகக் கையாளும் வாய்ப்பும் உண்டு. குறைந்த கூலிக்கு ஓய்வின்றி உழைக்க வைக்கப்படுபவரிடம், கடவுளில் இளைப்பாறு என்று சொல்லி அநீதியை நீட்டிப்பது அந்த இறைவனின் பெயரையே பழிப்பதாகும். இணைச்சட்ட நூலின் 5ஆம் அதிகாரத்தில் ஓய்வுநாள் கட்டளை, அடிமைக்கும் கால்நடைக்கும் ஓய்வு தரவேண்டும் என்கிறது. எகிப்தில் இஸ்ரயேலர் அடிமைகளாக இருந்ததையே அதற்குக் காரணமாகக் காட்டுகிறது. அவ்வாறே, உடல் தளர்ச்சியையும் மனநோயையும் நம்பிக்கைக் குறைவு என்று ஒதுக்கிவிடுவதும் பிழை; மார்பு வலி கண்டபோது அகுஸ்தீனார் கற்பிப்பதை நிறுத்தி ஓய்வெடுத்தார்.

இவ்வுலகில் இந்த இளைப்பாறுதல் முழுமை பெறுவதில்லை என்பதையும் அவர் மறைக்கவில்லை. ஆயராக இருந்தபோதும் சிறு கவனச்சிதறல்கள் தம் வேண்டலைக் கலைப்பதையும், இனிமையின் கணங்களுக்குப் பின் பழைய பாரங்கள் தம்மை இழுப்பதையும் ‘அறிக்கைகள்’ நூலின் பத்தாம் பகுதியில் அவர் எழுதுகிறார். அதனால்தான் ‘அறிக்கைகள்’, ‘கடவுளின் நகரம்’ ஆகிய இரு நூல்களும் மாலைப்பொழுது இல்லாத ஏழாம் நாளை எதிர்நோக்கியபடியே முடிகின்றன. கடவுள் எப்போதும் செயல்படுகிறார், எப்போதும் ஓய்ந்திருக்கிறார் என்று அவர் கூறுவது, செயலும் அமைதியும் ஒன்றையொன்று விலக்குபவை என்ற எண்ணத்தையே மாற்றிவிடுகிறது. வந்தாலியர் என்ற இனத்தாரின் படை ஹிப்போவை முற்றுகையிட்டிருந்த 430இல், இறுதி நோயில் கிடந்த அவர் மனவருத்தத் திருப்பாடல்களை எழுதிச் சுவரில் மாட்டச் செய்து, ஏறத்தாழ பத்து நாள்கள் எவரும் தம்மிடம் வராமல் வேண்டலில் கழித்து, ஆகஸ்ட் 28 அன்று மறைந்தார்.

உலக ஓட்டத்தில் களைத்த ஒருவர் அகுஸ்தீனாரிடமிருந்து பெற்றுக்கொள்ளக்கூடிய முதல் உதவி, எவ்வளவு வேலை செய்கிறேன் என்ற கேள்வியோடு, இந்த வேலையிடமிருந்து எதைக் கேட்கிறேன் என்ற கேள்வியையும் நேர்மையாகக் கேட்டுக்கொள்வதாகும். கூலியையும் திறமையின் மகிழ்ச்சியையும் பிறர்க்குப் பயன்படும் நிறைவையும் கேட்டால் வேலை அவற்றைத் தரும். தன் உயிரின் மதிப்பையே அதனிடம் கேட்டால் அது தராது, ஏனெனில் அந்த மதிப்பைக் கடவுள் ஏற்கெனவே அளித்துவிட்டார். கடவுள் தம்மை நேசிக்கிறார் என்ற உறுதியைப் பெற்றுக்கொண்டு வேலைக்குச் செல்பவருக்கும், அந்த உறுதியை வேலையால் சம்பாதிக்கச் செல்பவருக்கும் மாலையில் உடல் ஒரே அளவு களைத்திருக்கலாம். முதலாமவரின் உள்ளம் மட்டும் தன் இடத்தில் இருக்கும். பொறுப்புகளைத் துறந்து போக வழியில்லாத பெற்றோருக்கும் தொழிலாளருக்கும் அலுவலருக்கும் இந்த இளைப்பாறுதல் எட்டாததன்று. 391 முதல் 430 வரை ஹிப்போவில் ஓய்வு நேரமின்றி அகுஸ்தீனார் வாழ்ந்த 39 ஆண்டுகள் அதற்கு உறுதியான சாட்சி.